சிறுவாணித் தண்ணீரும் பச்சை விளக்குக் கம்ப்யூட்டரும்

“…அது ஏர் புடிச்ச சத்தமுங்க பாய். காதுலயே தெரியுது பாருங்க, களக்கு களக்குன்னு. நான் வேணா…”

“அத்தை, சித்த இருங்க. இது தோட்டத்து மோட்டார் இல்லீங்க. அவரு பாக்கட்டும்.”

மருமகள் அப்படிச் சொன்னதும் மாமியார் பேச்சை நிறுத்திக்கொண்டார். முந்தானையில் கையைத் துடைத்தபடி நிலைப்படியிலேயே நின்றார். நான் கம்ப்யூட்டர் கேபினட்டில் காதை வைத்துக்கொண்டு மண்டி போட்டிருந்தேன். அவர் சொன்னது சரிதான், உள்ளே காற்று இருந்தது. ஆனால் அந்த “நான் வேணா”வுக்குப் பிறகு என்ன வர இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்த வேலையின் முக்கால்வாசி அந்தக் கேட்காத பாதிப் பேச்சுக்குள்தான் இருந்தது.

கணபதி என்கிற ஏரியாவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காலேஜில் படித்ததில்லை. கோட்டைமேட்டில் ஸ்டெபிலைசர் காயில் சுற்றுவதில் ஆரம்பித்து, டி.வி.க்குப் போய், அங்கிருந்து இதற்கு வந்தவன். புஸ்தகத்தில் படித்ததைவிட, மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கற்றதுதான் ஜாஸ்தி. எங்கள் தெருவில் லேத்து வைத்திருக்கும் கவுண்டர் ஒருத்தர் ஒரு தடவை சொன்னார்: “மீட்டர் பொய் சொல்லாதுங்க பாய். ஆனா நாம கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.” இப்போது தொழிலுக்கு வருகிற தம்பி தங்கச்சிகள் எல்லோருக்கும் இந்த ஒரு வாசகத்தைத்தான் முதலில் சொல்கிறேன். அது எப்படி உண்மையானது என்பதற்குத் தொண்டாமுத்தூர் கதை.

போன் வந்தது

கூப்பிட்டது கிருத்திகா. சொந்த ஊர் வெள்ளகோவில். வைகாசியில் கல்யாணமாகித் தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிற வீட்டுக்கு வந்த பெண். புருஷன் பம்ப்செட் விற்பனைக்காக வடக்கே சுற்றுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். வீட்டில் மாமியார் ருக்மணியம்மாவும் இவரும்தான். தோப்பை ருக்மணியம்மாவே பார்க்கிறார். மோட்டார் போடுவது, வாய்க்கால் திருப்பி விடுவது, தேங்காய் வியாபாரியிடம் பேரம் பேசுவது எல்லாம் அவர் பாடு.

“பாய், கேம் ஆடிட்டு இருக்கறப்பவே ஆஃப் ஆயிருதுங்க. பிராசஸர் நூறு டிகிரி காட்டுது. வாட்டர் கூலிங் போட்ட மெஷினுங்க, இது எப்படிச் சூடாவும்?”

தண்ணீர் போட்டுக் குளிர வைக்கிற மெஷின் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சாதாரணக் கம்ப்யூட்டரில் பிராசஸரின் சூட்டை ஃபேன் இறக்கும். இதில் பிராசஸர் மேல் ஒரு செம்புக் கட்டை உட்கார்ந்திருக்கும், அதற்குப் பிளாக் என்று பெயர். அதற்குள் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள். பம்ப் ஒன்று திரவத்தை அந்தப் பல்லுக்குள் தள்ளும். சூட்டை வாங்கிக்கொண்டு திரவம் ரேடியேட்டருக்குப் போய், ஆறி, மறுபடி திரும்பி வரும். நடுவில் ஒரு கண்ணாடி டப்பா, அதுதான் தொட்டி. லாரி என்ஜினுக்கும் இதுவே கணக்கு, அளவுதான் சின்னது.

போய்ப் பார்த்தபோது கிருத்திகா விஷயத்தைச் சொன்னார். அவருடையது ஐந்து பேர் டீம். மற்ற நாலு பேரும் வேறு வேறு ஊர், நேரில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூட இல்லை. ஆட்டத்தின் நடுவில் ‘அந்தப் பக்கம் போ, இப்போ அடி, இப்போ நில்லு’ என்று வழி சொல்கிற ஆள் இவர்தான். முக்கியமான ஆட்டங்களில் மெஷின் அணைந்து, டீம் தோற்றிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்று.

“அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க பாய். தப்பு அவங்க மேல இல்லீங்க.” கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குன்னு இருந்ததுல கூட வந்தது இது ஒண்ணுதானுங்க.”

மாமியார் சமையல்கட்டுப் பக்கம் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அத்தைக்கு இது புடிக்காதுங்க. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா கூட்ட வந்தா இதத்தான் மொறைச்சுப் பாப்பாங்க.”

அந்த நேரம் பார்த்து டியூப்லைட் மங்கியது. யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. தோப்பில் மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது, அது ஓடினால் வீட்டு வோல்டேஜ் இறங்கிவிடும். கிருத்திகா பல்லைக் கடித்தார். உள்ளேயிருந்து ருக்மணியம்மாவின் குரல் வந்தது: “த்ரீ பேஸ் கரண்டு வர்ற நேரமுங்க பாய். இத வுட்டா மரத்துக்குத் தண்ணி கெடையாது.”

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அந்த வருஷம் காய்கிற பக்கம். மட்டை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கையால் தொட்டுப் பார்ப்பது

முதலில் ரேடியேட்டர். தோப்பு வீட்டில் இருக்கிற தூசி டவுன் தூசி மாதிரி இல்லை. தேங்காய் நார்த்தூள் ஃபெல்ட் துணிபோலத் தகட்டில் படிந்திருந்தது. ஃபேனைக் கழற்றி, ப்ளோயர் அடித்துச் சுத்தம் பண்ணினேன். ஓட விட்டால் பழைய சூடுதான்.

அடுத்தது பேஸ்ட். பிராசஸருக்கும் பிளாக்குக்கும் நடுவில் தடவுகிற பசை காய்ந்திருந்தால் சூடு பிளாக்குக்குப் போகாது. பிளாக்கைத் தூக்கி, துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்காகச் சமமாக முறுக்கினேன். ரெண்டு மூணு டிகிரி இறங்கியது. அதைச் சரியானதென்று சொல்ல முடியாது.

பம்ப் ஓடுகிறதா என்று ஸ்க்ரீனில் பார்த்தேன். வேகம் சரியாகக் காட்டியது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ‘பம்ப் நல்லா இருக்கு’ என்று எழுதி வைத்துவிட்டுப் போர்டையும் பிராசஸரையும் சந்தேகப்பட ஆரம்பிப்பார்கள். லேத்துக் கவுண்டரின் வாசகத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்.பி.எம். பம்ப் சுற்றுவதைத்தான் சொல்லும். தண்ணீர் போகிறதா என்று நாம் அதைக் கேட்கவே இல்லை.

அதற்குக் கைதான் மீட்டர். கேமை ஓட விட்டு, ஒரு கையைப் பிளாக் பக்கமும் ஒரு கையை ரேடியேட்டரிலும் வைத்தேன். பிளாக் தொட முடியாத சூடு. ரேடியேட்டர் குளித்து வந்த குழந்தை மாதிரி ஜில்லென்று இருந்தது. ரெண்டும் சூடாக இருந்தால் ரேடியேட்டர் சூட்டை வெளியே விடவில்லை என்று அர்த்தம். ஒன்று கொதித்து ஒன்று குளிர்ந்தால், நடுவில் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் வேலைக்கு வரவில்லை.

கேபினட்டைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்துக் காற்றை வெளியே எடுத்தேன். பையில் இருந்த கூலண்டைத் தொட்டியில் ஊற்றினேன். களக்குச் சத்தம் நின்றது, சூடும் கொஞ்சம் இறங்கியது. கிருத்திகா மூச்சு விட்டார். டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடி நூறைத் தொட்டு அணைந்துபோனது.

“கடைக்குக் கொண்டுபோறேன் அம்மணி. பிரிச்சுத்தான் பாக்கணும்.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள…?”

“அதுக்குள்ள வந்திரும்.” சொல்லிவிட்டேனே தவிர, கோளாறு என்னவென்றே இன்னும் எனக்குத் தெரியாது. மாற்று மெஷின் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த விளையாட்டைத் தாங்குகிற மெஷின் அன்றைக்கு என் கடையில் எதுவும் இல்லை.

பச்சைக்குள் பச்சை

கடையில் வைத்து விளக்கையெல்லாம் அணைத்தேன். இந்தக் கேமிங் மெஷினுக்கு உள்ளே அலங்கார விளக்கு இருக்கும். கிருத்திகா கிளிப்பச்சைக் கூலண்டு ஊற்றி, பச்சை விளக்கும் போட்டிருந்தார். கண்ணுக்கு மாரியம்மன் நோம்பிப் பந்தல் மாதிரி அழகுதான். ஆனால் பச்சை வெளிச்சத்தில் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒரே நிறம். டியூபுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து டார்ச் அடித்தேன். திரவம் கலங்கியிருந்தது. உள்ளே நூல் நூலாக ஏதோ ஆடியது.

வடித்துவிட்டுப் பிளாக்கைத் திறந்தேன். செம்புப் பற்களுக்கு நடுவில் பச்சைக் கூழ், ராகிக் கூழ் ஆறினால் எப்படி இறுகுமோ அப்படி. முகர்ந்து பார்த்தேன். கூலண்டுக்கு மருந்து வாசம்தான் வரும். இதில் மாட்டுத் தொட்டி வாசம்.

பாசி. கூலண்டில் பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். யாராவது வெறும் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே வந்தால் மருந்து நீர்த்துப்போகும். ஜன்னல் வெயிலும் மெஷின் சூடும் சேர்ந்தால் பாசிக்கு அதைவிட நல்ல வயல் கிடையாது. அது வளர்ந்து வந்து, முடி நுழைகிற அளவு சந்துள்ள பல்லில் அடைத்துக்கொண்டது.

என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது. யார் ஊற்றியது என்பதும் பாதி தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் இருப்பதே ரெண்டு பேர்.

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று பட்டது. ‘அத்தைக்கு இது புடிக்காது’ என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம் ‘உங்க வீட்ல யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க’ என்று சொல்வது, காய்ந்த கரும்புச் சோகையில் பீடியைப் போடுகிற மாதிரி. “நேர்ல வாங்க அம்மணி” என்று மட்டும் சொன்னேன். தனியாக வருவார் என்று நினைத்தேன். ஸ்கூட்டியின் பின்னால் ருக்மணியம்மாவும் இறங்கினார். கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு வாங்க வேண்டுமாம், கணபதியில் நல்லது கிடைக்கும் என்று கூட வந்துவிட்டார்.

பாதியில் நின்ற பேச்சு

பிளாக் மேஜை மேல் திறந்தபடி இருந்தது. மறைக்க நேரமில்லை. கிருத்திகா குனிந்து பார்த்தார். இந்த மெஷினை அவரே பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்தவர், அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

“இது பாசி. யாரோ பச்சத் தண்ணிய ஊத்தியிருக்காங்க.” நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “வேணும்னே…”

“நாந்தான் கண்ணு ஊத்துனேன்” என்றார் ருக்மணியம்மா.

அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார், ஆனால் மருமகளுக்குத்தான் சொன்னார்.

“ஆடிக்கு இவ அம்மா ஊட்டுக்குப் போனாளுங்க பாய். போறப்ப, ‘அத்தை, இத மட்டும் ஆஃப் பண்ணீராதீங்க, அங்க இருந்தே லேப்டாப்புல இதத்தான் ஓட்டுவேன்’னு சொல்லிப்போட்டுப் போனா. செரின்னு வுட்டுட்டேன். ஒரு நாள் கூட்டறப்பப் பாக்கறேன், டப்பாவுல தண்ணி பாதிக்குக் கீழ நிக்குது. மோட்டாரு களக்கு களக்குங்குது. ஆஃப் பண்ணக் கூடாதுன்னுட்டா. தண்ணியில்லாம ஓடற மோட்டார எப்படீங்க பாத்துட்டு நிக்கறது? அப்படி ஓட வுட்டு ஒருக்கா கெணத்து மோட்டாரே கருகிப்போச்சு. அந்த வாசம் இன்னும் மூக்குல இருக்குது.”

நான் தலையை ஆட்டினேன். இந்தச் சீமையில் மோட்டார் தண்ணீர் விட்டுப்போச்சென்றால் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீரை மோந்து பைப்பில் ஊற்றி, ஏரை எடுத்து, மறுபடி பட்டனை அமுக்குவார்கள். அது கையோடு பிறந்த பழக்கம்.

“போர்த்தண்ணி உப்புங்க. அத ஊத்துனா உள்ள பூத்துப்போயிரும்னு எனக்குத் தெரியும். அதனால குடிக்கறதுக்கு வெச்சிருந்த சிறுவாணித் தண்ணிய ஊத்துனேன். அதயும் வெள்ளத் துணியில வடிகட்டித்தான் ஊத்துனேன். சத்தம் நின்னுபோச்சு. அப்பறம் கொறையக் கொறைய ஊத்தறது. இவ வந்ததுக்கு அப்பறமும், கூட்டறப்ப அளவு பாத்துக்குவேன்.”

கிருத்திகா மெதுவாகக் கேட்டார். “எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?”

“போன் போட்டனே கண்ணு. ‘அத்தை, அது நல்லாத்தான் ஓடுது, நீங்க வெசனப்படாதீங்க’ன்னு வெச்சுப்போட்ட. அன்னைக்குப் பாய் வந்தப்பவும் சொல்ல வந்தேன். நான் வேணா மறுபடி தண்ணி ஊத்தட்டுமா, போன தடவ ஊத்துன மாதிரின்னு.”

கிருத்திகா தொட்டியின் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியின் வாய் சுண்டுவிரல் நுழைகிற அளவு.

“இந்த ஓட்டைக்குள்ளயா ஊத்துனீங்க? எதுல?”

“சங்குலதான். உன்ற ஊட்டுக்காரன் கொழந்தையா இருக்கறப்பப் பாலூத்துன சங்கு, மேல அட்டாலியில கெடந்துது.”

கிருத்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “உங்க பையனுக்கு ஊத்துனதுல என்ற கம்ப்யூட்டருக்கு ஊத்துனீங்களாக்கும்!” ருக்மணியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரும் வாயைப் பொத்திக்கொண்டார். “அவன் குடிச்சுப்போட்டுக் கம்முன்னு தூங்குவான். இதுதான் சூடாயிருச்சு.”

நான் ரெண்டு பேரிடமும் நடந்ததை உள்ளது உள்ளபடி சொன்னேன். பிளாக்கை அடைத்தது சிறுவாணித் தண்ணீர்தான். ஆனால் ஆடி மாசம் அவர் அதை ஊற்றாமல் விட்டிருந்தால் பம்ப் காய்ந்து ஓடி எரிந்திருக்கும். கெடுத்ததும் காப்பாற்றியதும் ஒரே கை. மனுஷன் குடிப்பதற்கு அமிர்தமாக இருக்கிற தண்ணீர், மருந்து இல்லாததால் இந்த மெஷினுக்கு ஆகாது. அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. தண்ணீர் ஏன் குறைந்தது? அதைத் தேடாமல் புதுக் கூலண்டு ஊற்றியிருந்தால் நானும் சங்கில் ஊற்றிய கணக்குத்தான். ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்துப் பார்த்ததில், ரேடியேட்டர் மூட்டில் ஒரு ரப்பர் வளையம் நசுங்கியிருந்தது. சொட்டுகூட விழாது, கசிந்து கசிந்து அங்கேயே காய்ந்துவிடும். அதனால்தான் தரையில் ஈரம் தெரியவில்லை. வளையத்தை மாற்றினேன். பிளாக்கை மெல்லிய பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்த்தேன். ரேடியேட்டரையும் பம்ப்பையும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரால் தெளிவாக வருகிற வரைக்கும் கழுவினேன். டியூபெல்லாம் புதுசு. இந்த முறை நிறமில்லாத கூலண்டு. கிருத்திகாவே கேட்டார். “பாத்தா தெரியணும் பாய், எனக்கும் அத்தைக்கும்.”

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதில் நான் சொல்வது இதுதான். சூடு என்றால் தூசி, பேஸ்ட், பம்ப், ஓட்டம் என்று வரிசையாகப் பாருங்கள், அதை யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் எந்த மெஷினுக்குப் பக்கத்திலும், அதைத் தொடாமல் நாள் முழுக்க அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளைய வருகிற ஒருத்தர் இருப்பார். கூட்டுகிறவர், காவல்காரர், பக்கத்து டேபிள்காரர். அவர் வாயைத் திறந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். வாக்கியம் முடிகிற வரைக்கும் எடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை

மெஷினை மாட்டிக் கொடுத்த கையோடு கிருத்திகா என்னையும் இருக்கச் சொன்னார். “நீங்க இருந்தா ஒரு தைரியமுங்க.” நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன். ருக்மணியம்மா நிலைப்படியில் நின்றார், அதே இடம்.

முதல் சுற்றில் ஜெயித்தார்கள். ஆட்டம் எனக்குப் புரியவில்லை. சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. ரேடியேட்டரைத் தொட்டேன், வெதுவெதுவென்று இருந்தது. சூட்டைத் தூக்குகிற ஆள் வேலைக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது சுற்றின் நடுவில் த்ரீ பேஸ் கரண்டு வந்தது. அந்தப் பக்கம் கிணற்றில் மோட்டார் தானாக எடுத்தது, ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தார்கள். டியூப்லைட் மங்கியது. யு.பி.எஸ். கீச்சிட்டது. லைட் அணைந்து எரிந்தது, யு.பி.எஸ். மறுபடி கீச்சிட்டது. கிருத்திகா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தோள் இறுகியதை நான் பார்த்தேன். இதற்கு என் பையில் மருந்து இல்லை. எப்படியோ அந்தச் சுற்று முடிந்தது, தோற்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று. கடைசிச் சுற்றுக்கு முன்னால் கொஞ்சம் இடைவேளை. யு.பி.எஸ். விடாமல் கத்தியது, அதன் பேட்டரி தீர்ந்தால் மெஷின் அணைந்துவிடும்.

“நான் வேணா…” என்றார் ருக்மணியம்மா.

கிருத்திகா ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்கினார். நாற்காலியை முழுசாகத் திருப்பினார்.

“சொல்லுங்க அத்தை.”

ருக்மணியம்மா ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் இப்போதுதான் முதல் வரிசை மரங்களைத் தொட்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி, வரப்பு மேல் விறுவிறுவென்று நடந்தார். பாதி நனைந்த ஒரு பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நொடி நின்றார். அப்புறம் கதவில்லாத மோட்டார் ரூமுக்குள் போய், மோட்டாரை நிறுத்துகிற சிவப்புப் பட்டனை அமுக்கினார்.